அடிவாரத்தில் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம். மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்தில் கொடைக்கானல் பார்க்காதவர்கள் அதிகம் இருக்க மாட்டீர்கள். வத்தலக்குண்டில் பஸ் ஏறுகிறோம், வளைவுகள் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்கிறோம், மேலே போய் ஏரிக்கரையில் இறங்குகிறோம். நடுவில் இருக்கிற மலை முழுவதும் விட்டுப்போகிறது. அந்த விட்டுப்போன மலையைப் பற்றித்தான் பேச வந்தேன். கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரின் அடிவாரம். காலையில் கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

எப்போது போவது? குற்றாலம் என்றால் ஆனி, ஆடி. இங்கே அந்தக் கணக்கு சரிவராது. பெரியகுளம், வத்தலக்குண்டு பக்கத்துச் சரிவுகள் தெற்கும் கிழக்கும் பார்த்தவை. அவற்றுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழைதான். மழை ஓய்ந்து கொஞ்சம் வெயில் அடித்ததும் போக வேண்டும். அருவி, பூ, நிறைந்த அணை மூன்றும் ஒரே நாளில் கண்ணில் படுகிற காலம் அது.

பெரியகுளத்திலிருந்து எட்டு, ஒன்பது கிலோமீட்டர் போனால் கும்பக்கரை அருவி. பெரும்பாலானவர்கள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்பிவிடுவார்கள். நீங்கள் கொஞ்ச நேரம் பாறையைப் பாருங்கள். தண்ணீர் குடைந்த பள்ளங்களுக்கெல்லாம் பேர் உண்டு: யானைக்கெஜம், பாம்புக்கெஜம், உரல்கெஜம். இன்னொன்றையும் கவனமாகக் கேளுங்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே, கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர அதிக நேரம் ஆகாது. தெளிந்து ஓடிய தண்ணீர் செம்மண் நிறமாகிறதா, சருகும் குச்சியும் மிதந்து வருகின்றனவா, உடனே கரையேறிவிடுங்கள். வனத்துறை குளிக்கத் தடை போட்டிருந்தால் தகராறு செய்யாதீர்கள்.

அருவிக்கு மேலே பழைய நடைபாதை ஒன்று வெள்ளகவி கிராமத்துக்கு ஏறி, அங்கிருந்து வட்டக்கானல் வரை போகிறது. மலைச்சாலை வருவதற்கு முன்னால், அதாவது நூறு வருஷத்துக்கு முந்தி, கொடைக்கானல் போனவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்துப் பாதைகளில் நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏறினார்கள். வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. கோயில்கள் நிறைந்த ஊர், ஊரே கோயில் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நாமும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, பூவுக்கு வருகிறேன். எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம். குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அதற்காகக் கூட்டம் கூட்டமாக மலை ஏறுகிறோம். ஏற வேண்டியதுதான். ஆனால் வருஷா வருஷம் அடிவார வேலியில் செங்காந்தள் பூக்கிறதே, நம் மாநிலப் பூ, அதை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? கார்த்திகைப் பூ என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். அதற்குப் பற்றுக்கம்பி தனியாகக் கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். பூ தலை கவிழ்ந்து தொங்கும், இதழ்கள் மட்டும் மேல் நோக்கி வளைந்து நிற்கும். ஆறு இதழ், ஓரமெல்லாம் நெளி நெளியாக. விரிகிறபோது பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் நுனியில் சிவப்பு ஏறும், அடியில் மஞ்சள் நிற்கும். கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இந்த மூன்று நிறத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அதற்காகவே அங்கே கால் மணி நேரம் நில்லுங்கள் என்கிறேன்.

பறிக்காதீர்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் இன்னும் அதிகம். கண்வலிக்கிழங்கு என்று ஒட்டன்சத்திரம் பக்கத்தில் பந்தல் போட்டு வளர்க்கிறார்களே, அது இதே செடிதான். அதன் விதையிலிருந்து எடுக்கிற கொல்சிசின் மூட்டுவாத மருந்தாகிறது. காட்டிலே கிழங்கைத் தோண்டித் தோண்டிப் பல இடங்களில் கொடியே அருகிவிட்டது. மறுபடியும் சொல்கிறேன், பறிக்காதீர்கள், தோண்டாதீர்கள். செங்காந்தள் முடிந்தாலும் ஈரப்பாறை ஓரத்தில் காட்டுக் காசித்தும்பை இருக்கும், வறண்ட மேட்டில் ஆவாரை இருக்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். ஏரிகளுக்கென்று நிறைய வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். மலைச்சாலையில் டம்டம் பாறையில் இறங்கிப் பாருங்கள். எதிரே தலையாறு அருவி, 297 மீட்டர், எலிவால் அருவி என்பதும் அதுதான். அதன் தண்ணீர் சேருகிற மஞ்சளாறு அணையும் அங்கிருந்தே தெரியும். மலை உச்சியில் பேரிஜம் ஏரி இருக்கிறது, பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அங்கிருந்து வருகிறது.

கடைசியாக ஒன்று. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட காட்டுத் தீயை மறந்திருக்க மாட்டீர்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும், அப்போது போகவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் காட்டுப் பாதைக்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். 2024-இல் அவர்கள் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வணக்கம்.