வெயிலை அளக்க எந்த மீற்றர்?

வணக்கம் நேயர்களே. நாற்று மேடைக்கு நிழல் வலை கட்டுபவர்களும் வாகனக் கண்ணாடிக்கு டின்ட் ஒட்டுபவர்களும் ஒளியை அளக்கக் கையடக்க மீற்றர் தேடுகிறார்கள். இருவருக்கும் ஒரே மீற்றர் சரிவராது. முதலில் நாற்றுக்காரருக்குச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தேவை லக்ஸ் மீற்றர், அதாவது வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் மீற்றர். வாங்கும்போது, அது எவ்வளவு வரை அளக்கும் என்று பாருங்கள். மேகமில்லாத நாளில் நம் திருகோணமலை நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். 20,000 வரை மட்டும் அளக்கிற மலிவு மீற்றரை நிலாவெளி வெங்காயத் தோட்டத்தில் பிடித்தால் இலக்கம் வராது. அளவு மீறிவிட்டது என்ற குறிதான் திரையில் நிற்கும். மீற்றர் பழுதில்லை, வெயில் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே 200,000 வரை அளப்பதையே கேளுங்கள்.

அடுத்தது, ஒளி வாங்கும் வெள்ளைக் குமிழ் வயரில் தனியாக இருக்கவேண்டும். மீற்றரோடு ஒட்டியிருந்தால், திரையைக் குனிந்து பார்க்கும்போது உங்கள் நிழலே அதில் விழும். மூடியைப் போட்டதும் 0 காட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இனி வலை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கடையில் 50 வீத வலை, அதாவது பாதி வெயிலை மறைக்கும் வலை, என்று தருவதை அப்படியே நம்பிக் கட்டிவிடுகிறோம். கட்டியபின் அளந்து பாருங்கள். குமிழை வானம் பார்க்க மட்டமாக வெளியே வைத்து ஓர் அளவு. உடனே வலைக்குக் கீழே, கன்றின் நுனி உயரத்தில் இன்னோர் அளவு. உடனே என்பது முக்கியம். இடையில் ஒரு மேகம் வந்தால் கணக்குப் பிழைத்துவிடும். வெளியே 96,000, உள்ளே 38,000 என்றால் 40 வீதம்தான் உள்ளே வருகிறது. புழுதி படிந்தால் இன்னும் குறையும். வெயில் கூடிப்போச்சு என்று இரண்டாவது 50 வீத வலையையும் மேலே போட்டால் மிஞ்சுவது கால்வாசி. மிளகாய்க் கன்று மெலிந்து நீண்டு சாயும். நோய் என்று மருந்து அடிப்பார்கள். தேவை மருந்தல்ல, வெளிச்சம். உள்ளே நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள், ஓர் இடம் போதாது.

ஒரு எச்சரிக்கை. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சை ஒளியைத்தான் கூடுதலாக மதிக்கும். வெயிலில் ஒப்பிட அது போதும். சிவப்பு, நீல எல்ஈடி விளக்கின் கீழ் கன்று வளர்ப்பவருக்கு அந்த இலக்கம் உதவாது. அவர் பிஏஆர் மீற்றர், அதாவது பயிர் உணவு தயாரிக்கப் பயன்படுத்தும் ஒளியை அளக்கும் மீற்றர், வாங்கவேண்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள், டின்ட்டைச் சுருக்கிவிடுகிறேன். அதற்குத் தேவை கண்ணாடியின் இரு பக்கமும் பிடிக்கும் ஒளி ஊடுருவல் மீற்றர். திறந்து இறக்கும் கண்ணாடிக்கு இடுக்கில் செருகும் வகை போதும். இறக்க முடியாத கண்ணாடிக்கு இரண்டு துண்டாகப் பிரிகிற வகை வேண்டும். ஒட்டுமுன் வெறும் கண்ணாடியை அளந்துகொள்ளுங்கள். அது 75 வீத ஒளியை உள்ளே விட்டால், 35 வீத ஒளியை விடும் பிலிம் ஒட்டியபின் 26 வீதம்தான் மிஞ்சும். வெப்பம் எவ்வளவு தடைபடும் என்பதை இந்த மீற்றர் சொல்லாது, அதற்கு அகச்சிவப்பையும் அளக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.