டெங்கு வார்டில் பிரஷர் பார்க்கப் பழகுகிறேன் | திருகோணமலை வ்லாக்

வணக்கம் எல்லாருக்கும். டச்சு பே கடற்கரையில் இருந்து கதைக்கிறேன், காற்றுச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மான் வந்து நின்றால் வெளியூர்க்காரர் பயப்பட வேண்டாம், திருகோணமலை டவுனில் அது மாடு மாதிரித்தான் திரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் மெடிக்கல் ஃபகல்டியில் இரண்டாம் வருடம். எங்கள் நாட்டில் எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம். முதல் இரண்டு வருடமும் பெரும்பாலும் அனட்டமி, பிசியோலஜி, பயோகெமிஸ்ட்ரி. ஒழுங்காக வார்டில் நிற்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். லீவுக்கு மட்டக்களப்பிலிருந்து வீட்டுக்கு வந்த நேரம், அனுமதி எடுத்து இங்கே ஒரு மெடிக்கல் வார்டில் நிற்கிறேன். உள்ளே கமரா கொண்டுபோவதில்லை. நோயாளி யார் என்று தெரிகிற மாதிரி எதையும் சொல்லவும் மாட்டேன்.

ஊசி போட்டாயா, தையல் போட்டாயா என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். இல்லை. எனக்குத் தந்த வேலை பிரஷர் பார்ப்பது. கேட்கச் சப்பென்று இருக்கும்தான். ஆனால் டெங்கு நோயாளியின் கட்டிலடியில் நின்று அதைச் செய்து பார்க்க வேண்டும்.

2017இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த வருடம் கிண்ணியா பட்ட பாடு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. அதனால் டெங்கு என்றாலே பயம்தான். ஆனால் அந்தப் பயம் முழுக்கக் காய்ச்சல் மேல்தான் இருக்கிறது. உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது காய்ச்சல் இறங்குகிற நேரத்தில். சிலருக்கு அப்போதுதான் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களுக்கு வெளியே கசியத் தொடங்கும், 24 முதல் 48 மணித்தியாலம் வரை கசியும். உள்ளே ஓடுவது குறையக் குறைய, சமாளிப்பதற்காக உடம்பு குழாய்களைச் சுருக்கும். அதனால் பிரஷரின் மேல் எண் அப்படியே நிற்க, கீழ் எண் ஏறும். 110/70 இருந்தவருக்கு 110/80 ஆகும், பிறகு 110/90. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர் "பிரஷர் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் இரண்டுக்கும் நடுவில் 40 இருந்த இடத்தில் இப்போது 20தான் இருக்கிறது. 20க்கு வந்துவிட்டால் டொக்டரைக் கூப்பிட ஓட வேண்டியதுதான், அது ஷொக், அதாவது உடம்புக்குப் போதிய இரத்தம் போகாத நிலை. நோயாளியோ எழும்பி இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்!

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பல்ஸ் பிரஷர் என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். பரீட்சைக்கு நான் அதைப் பாடமாக்கித்தான் வைத்திருந்தேன். மணிக்கு மணி அளந்து சார்ட்டில் எழுதும்போதுதான் அந்த இடைவெளி ஒடுங்குவது கண்ணில் படுகிறது. பிரஷர் பார்க்கக் கையில் சுற்றுகிற பட்டி கையின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதும் அங்கேதான் விளங்கியது. சின்னப் பட்டி கட்டினால் பிரஷர் கூடிக் காட்டும். அப்புறம் இரத்த ஓட்டம் பார்க்க விரல் நுனியை ஐந்து வினாடி அழுத்திவிட்டு விடுவது: இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். குடித்த தண்ணீர், ஏறிய சேலைன், போன சிறுநீர் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தண்ணீரை அள்ளிக் கொடுத்தாலும் ஆபத்து, கசிந்தது போய் நுரையீரலைச் சுற்றித் தேங்கும்.

மகனோடு நின்ற ஒரு உம்மா என்னிடம், "காய்ச்சல் விட்டுட்டுதே மகள், வீட்ட கூட்டிட்டுப் போகட்டா?" என்று கேட்டார். வெள்ளைக் கோட் போட்டிருந்தால் இங்கே எல்லாரும் டொக்டர்தான். "நான் இன்னும் படிக்கிற பிள்ளை உம்மா, டொக்டரைக் கூட்டிட்டு வாறன்" என்றேன். வந்த டொக்டர் கட்டிலில் குனிந்து, இனி வருகிற இரண்டு நாளும்தான் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார். உம்மா தலையாட்டிவிட்டுக் கொண்டுவந்த பையைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். கந்தளாய்ப் பக்கத்தில் இருந்து வருகிற சிங்களம் கதைக்கிறவர்களோடு எனக்கு இவ்வளவு கதைக்கக்கூட ஏலாது. என்னுடைய சிங்களம் "ரிதெனவாத?" என்று நோகிறதா கேட்பதோடு முடிந்துவிடும், மிச்சத்துக்கு நர்ஸ் மிஸ்மாரைத்தான் கெஞ்ச வேண்டும்.

சொந்த நாட்டில் தொடவிடாத வேலையைச் செய்து பார்க்கவென்று காசு கட்டி ஏழை நாடுகளுக்குப் போகிற மாணவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அங்கே கட்டிலில் கிடப்பவரிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

இதைப் பார்க்கிற ஜூனியர் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. வார்டில் நிற்க ஆசையென்றால் முதலில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். வழக்கமாக மூன்று ஊசி, முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் ஆறு மாதம். லீவு கிடைத்த பிறகு ஓடினால் நேரம் காணாது.