எது குன்றாமல் இருக்க வேண்டும்?

(காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கே வரும் வழியில் ஓர் ஊரணிக்கரையில் சற்று நேரம் நின்றேன். சுற்றிலும் நடைபாதை, உட்கார பெஞ்சு, வரிசையாக விளக்குகள். நான்கு கரையும் சிமெண்டு. தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தது. அந்த வேலையை முன்னின்று செய்தவர்கள் ஊர்மேல் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களும் சூழல் ஆர்வலர்கள்தாம். அவர்கள் பேச்சிலும் நீடித்த வளர்ச்சி, என் பேச்சிலும் நீடித்த வளர்ச்சி. பிறகு ஏன் அவர்கள் நடைபாதையில் நிற்கிறார்கள், நான் வரத்துக்காலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்?

அந்தச் சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம். நிலையான வளர்ச்சி என்கிறோம், நீடித்த வளர்ச்சி என்கிறோம், வளங்குன்றா வளர்ச்சி என்கிறோம். முதல் இரண்டிலும் நிலைக்க வேண்டியது வளர்ச்சி. மூன்றாவதில் குன்றாமல் இருக்க வேண்டியது வளம். ‘சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்’ என்ற ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கப் போய், உலகம் முழுக்க நடக்கும் வாதத்தையே நாம் தமிழுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

அந்த வாதம் வந்த வழியைப் பாருங்கள். 1980இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்போடும் உலக வனவிலங்கு நிதியத்தோடும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட்டது. அங்கே கவலை காட்டைப் பற்றியது, உயிரினங்களைப் பற்றியது. 1987இல் நார்வே பிரதமர் புருண்ட்லாந்து அம்மையார் தலைமையிலான ஆணையம் தன் அறிக்கையைத் தந்தது. வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவையை நிறைவு செய்வது என்ற வரையறை அதில்தான் இருக்கிறது. எல்லா மேடையிலும் அதைச் சொல்வார்கள். அடுத்து வருவதைச் சொல்பவர்கள் குறைவு. தேவை என்றால் முதலில் ஏழைகளின் தேவை என்று அந்த அறிக்கையே அழுத்திச் சொல்கிறது. அதை விட்டுவிட்டு வரையறையை மட்டும் எடுத்தால், யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1990ஐ ஒட்டி நடந்த ஒரு சண்டையை நீங்கள் அறிய வேண்டும். வாஷிங்டனில் உள்ள உலக வள நிறுவனம், புவி வெப்பமாதலுக்குக் காரணமான நாடுகளைக் கணக்கிட்டு இந்தியாவையும் முன்வரிசையில் வைத்தது. டெல்லியில் இருந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1991இல் அதை எதிர்த்து எழுந்தது. அந்த மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் கேட்ட கேள்வி எளிமையானது. ஓர் ஏழையின் நெல்வயலிலும் மாட்டுக்கொட்டிலிலும் எழும் மீத்தேன் வாயுவையும், வசதி படைத்தவர் கார் விடும் புகையையும் ஒரே தட்டில் வைப்பதா? ஒன்று பிழைப்புக்கானது, மற்றது சொகுசுக்கானது. இரண்டுமே சுற்றுச்சூழலுக்காக உழைத்த நிறுவனங்கள். ஒன்று புகையை எண்ணியது. மற்றது, அந்தப் புகை யாருடையது என்று கேட்டது. கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் மண்ணிலிருந்து வந்த நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை நம் வாசலுக்கும் கொண்டுவர வேண்டும். செட்டிநாட்டு வீட்டைச் சூழலுக்கு இசைந்த கட்டடக்கலை என்று இன்று கொண்டாடுகிறார்கள். சரிதான். முற்றத்தில் விழும் மழைநீரை வீணாக்காத வீடு, சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் குளிர்ச்சி தரும் வீடு. ஆனால் அந்தத் தூண்கள் பர்மா தேக்கு. முற்றத்துக் குளிர்ச்சி நமக்கு வந்தது, காடு குறைந்தது எங்கோ ஐராவதிக் கரையில். நம் பாட்டன்மார் மீது குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வீட்டையோ ஊரையோ மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால், வெளியே தள்ளிவிட்ட சுமை கணக்கில் வராது.

சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய்க்குள் அது புகுந்துவிட்டால் நீர்ப்பிடிப்பு போயிற்று. வேரோடு பிடுங்கு என்கிறது ஒரு தரப்பு. மானாவாரி பொய்த்த ஆண்டில் அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுத்தான் குடும்பங்கள் கஞ்சி குடித்தன என்கிறது இன்னொரு தரப்பு. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது, பிறகு தடையும் வந்தது. என் கருத்தைச் சொல்கிறேன். கண்மாயில் நீர் தேங்கும் உள்வாயிலும் வரத்துக்காலிலும் அது இருக்கவே கூடாது. தரிசில் நிற்பதை, கரி மூட்டம் போடுபவருக்கு வேறு வேலை காட்டாமல் பிடுங்குவது அநியாயம்.

ஒரு வகையில் நமக்குக் கைப்பிடி இருக்கிறது. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பாழாக்கிய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் வளங்குன்றா வளர்ச்சியை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. வேலூர் மக்கள் போட்ட வழக்கு அது.

இனி எந்த அமைப்பு உங்கள் ஊருக்கு வந்தாலும், ஊரணியைச் சீர்செய்கிறோம் என்று சொன்னாலும், மூன்று விஷயத்தைக் கேளுங்கள் ஐயா: தண்ணீர் எந்த வழியாக வரும், நிறைந்தால் எங்கே போகும், யார் எடுத்துக் குடிப்பார்கள்? விளக்குக் கம்பத்தின் வடிவத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நான் நின்று பார்த்த அந்த ஊரணிக்கு முன்பு எந்தப் பொட்டலிலிருந்து தண்ணீர் வந்தது என்று தெரிந்த பெரியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நாளைக் காலை, வெயில் ஏறுவதற்குள், அந்த வரத்துக்காலைச் சேர்ந்து நடந்து பார்த்துவிடுவோம்.