யார் படம் என்று சண்டை போட்டோம். எப்படி வரைந்தார்கள் என்று கேட்டோமா?

(தருமபுரியில் ஓவிய ஆசிரியர்களும் போர்டு ஓவியர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும், தூரிகையை நம்பிக் குடும்பம் நடத்தும் என் தோழர்களுக்கும் வணக்கம்.

2018 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. அன்று சென்னையில், சட்டப்பேரவை மண்டபத்தில் செல்வி ஜெயலலிதாவின் படத்தைப் பேரவைத் தலைவர் தனபால் திறந்து வைத்தார். அதே தேதியில் வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்பட அரங்கில் பராக் ஒபாமா, மிஷெல் ஒபாமா இருவரின் ஓவியங்களும் திறக்கப்பட்டன. இரண்டு ஊரிலும் சர்ச்சை கிளம்பியது. ஆனால் இரண்டும் ஒரே சர்ச்சை அல்ல.

இங்கே சண்டை, படத்தை வைக்கலாமா கூடாதா என்பது. சொத்துக் குவிப்பு வழக்கின் தீர்ப்பைக் காட்டி எதிர்க்கட்சிகள் விழாவைப் புறக்கணித்தன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். அதில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை நான் இந்த மேடையில் பேச வரவில்லை. என் ஆதங்கம் வேறு. படம் எப்படி வரையப்பட்டிருக்கிறது, அந்த முகத்தில் ஓவியர் எதைப் பார்த்தார், எதை விட்டார் என்று ஒருவரும் வாய் திறந்ததாக எனக்குத் தெரியவில்லை. அங்கே அதைத்தான் கேட்டார்கள். சாதாரண மக்கள் கேட்டார்கள்.

ஒபாமாவை வரைந்தவர் கெஹிண்டே வைலி. நாற்காலியில் சற்று முன்னே சாய்ந்து, முழங்கால் மேல் கைகளைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார் ஒபாமா. பின்னால் புத்தக அலமாரி இல்லை, கொடி இல்லை. முழுக்க முழுக்கப் பச்சை இலை. அந்த இலைகளுக்கு நடுவே மூன்று வகைப் பூக்கள். அவர் பிறந்த ஹவாய்க்கு மல்லிகை. தந்தையின் நாடான கென்யாவுக்கு நீல ஆப்பிரிக்க அல்லி. அரசியலில் கால் பதித்த சிகாகோவுக்குச் சாமந்தி. சாமந்தியும் மல்லியும் விளைகிற மாவட்டத்துக்காரர்கள் நாம். பூவை வைத்து ஒரு மனிதன் வந்த வழியைச் சொல்லலாம் என்பது நமக்குச் சட்டென்று விளங்கும். இது என்ன, தலைவரைப் புதருக்குள் உட்கார வைத்திருக்கிறார் என்று அங்கே பலர் கோபப்பட்டார்கள். பழைய பாணியில் கம்பீரமாக வரைந்திருக்கக் கூடாதா என்றார்கள். கேட்கட்டும். கேட்டதால்தானே அந்தப் பூக்களின் கதை உலகத்துக்கே தெரிந்தது!

அந்த மேடையிலேயே ஒபாமா ஒன்று சொன்னார். நரையைக் கொஞ்சம் குறைக்கும்படி கேட்டுப் பார்த்தாராம். காதுகளைச் சின்னதாக வரையும்படியும் கேட்டாராம். ஓவியர் இரண்டுக்கும் மசியவில்லையாம். வேடிக்கையாகச் சொன்ன பேச்சுதான். ஆனாலும் அந்த ஓவியரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். தலைவரின் புகைப்படத்தில் கட்டம் போட்டு, சுவரிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, முதலில் கண்ணையும் மூக்கையும் பிடித்து, எனாமல் பெயின்ட் காய்வதற்குள் நிழலை இழைத்துக்கொண்டிருப்பீர்கள். பின்னால் வந்து நிற்கும் கட்சிக்காரர் என்ன சொல்வார்? ‘அண்ணே, கலரைக் கொஞ்சம் தூக்குங்கள்.’ நம்மில் எத்தனை பேரால் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது? கூலியை அவரிடம்தானே வாங்க வேண்டும்.

நிறத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும். மிஷெல் ஒபாமாவை வரைந்த ஏமி ஷெரால்ட், அவருடைய தோலுக்குப் பழுப்பு நிறத்தைத் தொடவே இல்லை. சாம்பல் நிறத்தில் தீட்டினார். தான் வரையும் கறுப்பின மக்கள் எல்லோருக்கும் அவர் அப்படித்தான் தீட்டுவார். தோலின் நிறத்தைக் கண்டதும் மனத்துக்குள் எழும் முடிவுகளைத் தள்ளி வைத்துவிட்டு ஆளைப் பாருங்கள் என்பது அவர் எண்ணம். ‘அவர் மாதிரியே இல்லை’ என்றார்கள் பலர். எனக்கும் முகச்சாயல் இன்னும் நெருங்கியிருக்கலாம் என்றே படுகிறது. ஆனால் அந்தச் சாம்பல் நிறம் ஓர் ஓவியர் யோசித்து எடுத்த முடிவு. நம் ஊர் ஃபிளக்ஸில் கறுத்த தலைவர்கள் ரோஜா நிறத்தில் சிரிக்கிறார்களே, அது யார் யோசித்து எடுத்த முடிவு? வெயிலில் நடந்து கட்சி வளர்த்த மனிதரின் கறுப்பை அழித்துவிட்டு அவருக்கு மரியாதை செய்ததாக நினைக்கிறோம். அந்தப் படத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கும் அதே கறுப்பு நிறம். அந்தப் பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நமக்கு அச்சு அசலாக முகம் தீட்டும் மரபே இல்லையே, பிறகு ஏன் இந்தக் கவலை என்று ஒரு நண்பர் கேட்டார். இதே ஊரில் உள்ள அகழ்வைப்பகத்துக்குப் போய் நடுகற்களின் முன்னால் நின்று பாருங்கள். வீரனின் முகம் பெரும்பாலும் பொதுவான முகம்தான். ஆனால் ஒரு கையில் வில்லோ வாளோ இருக்கும். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்தே இருக்கும். எழுத்துள்ள கல்லாக இருந்தால் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், யாருடைய தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு உயிர் விட்டான் என்று வெட்டியிருக்கும். அந்தச் சிற்பி அம்பை மறைக்கவில்லை. முகத்தை விட்டாலும் செயலை விடவில்லை. இன்று நம் அலுவலகச் சுவர்களில் தொங்கும் படங்களில் பெரும்பாலானவற்றில் உண்மையான முகமும் இல்லை, செயலும் இல்லை. வெறும் பின்னணி, கூப்பிய கை, ஒரே சிரிப்பு.

படத்தில் இருப்பவருக்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? இதற்கும் முன்கதை உண்டு. 1954இல் வின்ஸ்டன் சர்ச்சிலின் 80ஆவது பிறந்தநாளுக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து கிரஹாம் சதர்லாந்தைக் கொண்டு ஓர் ஓவியம் வரைவித்தன. தளர்ந்து, கடுகடுத்து உட்கார்ந்திருக்கும் கிழவராக வரைந்திருந்தார். சர்ச்சிலுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போன அந்த ஓவியம் பிறகு எரிக்கப்பட்டது. மனைவி கிளெமென்டைன் இறந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. 1967இல் அமெரிக்க அதிபர் லின்டன் ஜான்சனும் பீட்டர் ஹர்ட் தீட்டிய படத்தைப் பார்த்து, தான் கண்டதிலேயே அசிங்கமானது இதுதான் என்றார். ஆனால் அது அழியவில்லை. அதே வாஷிங்டன் அரங்கின் சேகரிப்பில் இருக்கிறது. கொலராடோ மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் 2019 முதல் மாட்டியிருந்த டிரம்பின் ஓவியத்தை, வேண்டுமென்றே உருவத்தைச் சிதைத்துவிட்டார்கள் என்று அவர் குறை சொன்னதும் 2025 மார்ச்சில் இறக்கிவிட்டார்கள். அவருடைய வருத்தம் மனித இயல்பு. இறக்கியது தவறு என்பேன். பொது மண்டபத்துக்காக வரைந்து, பொது மண்டபத்தில் மாட்டிய படம் பார்க்க வருகிற மக்களுடையது. பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை படத்தில் இருப்பவருக்கு உண்டு. கழற்றும் உரிமை இல்லை.

நம் கையில் இருக்கும் வேலைக்கு வருகிறேன். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. அங்கே அவர் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் 1925இல் கண்ணை மூடியவர் சுப்பிரமணிய சிவா. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, அங்கே தொழுநோய் தொற்றி, அந்த உடம்போடு ஊர் ஊராகச் சுற்றியவர். அவருடைய படத்தை வழவழப்பான கன்னத்தோடு வரைந்தால், அவர் கொடுத்த விலையையே அழித்துவிடுகிறோம். நோயுற்ற அந்தக் கைகளை வரைய நமக்குத் துணிவு வேண்டும். வரையச் சொல்ல ஊராட்சிக்கும் துணிவு வேண்டும்.

இனி தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஒரு மன்றமோ பள்ளியோ அரசு அலுவலகமோ படம் வைக்கத் தீர்மானம் போட்டால், வரைபவர் யார் என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கட்டும். மாட்டுவதற்கு முன் ஒரு வாரம் மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். நிறத்தை மாற்றச் சொல்லக் கூடாது என்று எழுதியே கொடுக்கட்டும். வரைந்தவர் பெயர் படத்தின் கீழே இருக்கட்டும். இதை ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் படித்துப் பாருங்கள். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்துவிடலாம்.