ஆஸ்கர் எடிட்டிங் லிஸ்ட் வந்தாச்சு: ஜோ வாக்கர் எங்கேப்பா?

வணக்கம் மக்களே! 2025 ஆஸ்கர் நாமினேஷன் ஒருவழியாக வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் ஜனவரி 17, 19 என்று தள்ளிப்போய், 23-ஆம் தேதி நம்மூர் நேரம் சாயங்காலம் 7 மணிக்கு அறிவித்தார்கள். நடிகர், நடிகையை மற்ற சேனல்கள் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே எப்போதும் எடிட்டிங்தான்.

அனோரா, த புரூட்டலிஸ்ட், கான்க்ளேவ், எமிலியா பெரெஸ், விக்கட். இவ்வளவுதான். 'டியூன்: பார்ட் டூ' இல்லை! அதன் எடிட்டர் ஜோ வாக்கர் முதல் பாகத்துக்கு ஆஸ்கரே வாங்கினவர். ஹீரோ பால் முதல்முறை ராட்சத மணல்புழு மேல் ஏறுகிற காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நான் எதையும் அப்படித்தான் இரண்டாவது தடவை பார்ப்பேன், ரெகுலராக வருகிறவர்களுக்குத் தெரியும். மேட்டின் மேல் ஓடுகிறான், மணல் சரிகிறது, விழுகிறான், கொக்கியை மாட்டுகிறான். திரை முழுக்கப் புழுதி. ஆனாலும் அவன் எந்தப் பக்கம் நழுவுகிறான் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. இதைவிட வேறு என்ன வேண்டும்?

அப்புறம் 'சேலஞ்சர்ஸ்'. மார்கோ கோஸ்டா எடிட் செய்தது. ஒரே ஒரு டென்னிஸ் மேட்ச், அதற்கு நடுவே பல வருஷக் கதை முன்னும் பின்னும் போகிறது. ஒரு இடத்தில்கூட நூல் அறுந்துபோகவில்லை. எடிட்டிங் மட்டுமில்லை, எந்தப் பிரிவிலும் அதற்கு ஒரு நாமினேஷன்கூடக் கிடையாது.

இதில் என் கோபம் யார் மேல் தெரியுமா? எடிட்டர்கள் மேலேயே. ஜெயிப்பவரை ஆஸ்கர் கொடுக்கிற அகாடமி மொத்தமும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும், சரி. நாமினேஷன் போடுவது எடிட்டர்கள் பிரிவு மட்டும்தானே? அவர்களே சிறந்த படம் லிஸ்ட்டைப் பார்த்துத்தான் டிக் அடிக்கிறார்கள் போல. இந்த ஐந்துமே சிறந்த படத்துக்கு நாமினேட் ஆன பத்தில் இருக்கிற படங்கள். போன வருஷமும் இதே கதைதான். டியூன் அந்தப் பத்திலேயே இருந்தும் விட்டுவிட்டார்கள் என்றால் எப்படி!

நான் தூக்கியிருந்தால் எமிலியா பெரெஸைத் தூக்கியிருப்பேன். அதன் எடிட்டர் ஜூலியட் வெல்ஃபிங் பெரிய கைகாரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் படம் பாட்டுக்கும் கதைக்கும் நடுவே தடுக்கித் தடுக்கி நிற்கிறது. மொத்தம் 13 நாமினேஷன், அந்த அலையில் இதுவும் வந்துவிட்டது.

ஆ, கான்க்ளேவை விட்டுவிட்டேனே! அதன் எடிட்டர் நிக் எமர்சன் வருவார் என்று போன வீடியோவிலேயே அடித்துச் சொன்னேனா இல்லையா? புதுப் போப்பைத் தேர்ந்தெடுக்கிற கதை அது; முதல் வாக்கெடுப்பை நிதானமாகக் காட்டிவிட்டு, அடுத்தடுத்து வருவதைச் சுருக்கிக்கொண்டே போவார். கிழவர்கள் சீட்டு எழுதிப் போடுவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அவருக்குக் கொடுத்தால் விசில்தான்.

ஆனால் மார்ச் 2-ஆம் தேதி ஜெயிக்கப்போவது அனோரா. ஷான் பேக்கர் அவரே எழுதி, இயக்கி, எடிட்டும் செய்கிறவர். அதில் ஒரு வீட்டுக்குள் அடியாட்கள் நுழைகிற காட்சி அவ்வளவு நீளம், ஒரு இடத்தில்கூடச் சலிப்பில்லை. 2019-இல் 'பொஹீமியன் ராப்சடி'க்குக் கொடுத்தார்களே, வெளியே மேஜையில் உட்கார்ந்து பேசுகிற சாதாரணக் காட்சியை வெட்டோ வெட்டு என்று வெட்டிய படம், அதற்கு இது ஆயிரம் மடங்கு மேல். என் ஓட்டு கான்க்ளேவுக்கு, கணிப்பு அனோரா. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.