அவர் போகும் ஊருக்கு நாங்களும் போகிறோம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், கொடிநாள் விழாவுக்கு வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும், அவர்களை இத்தனை வருடம் சமாளித்த அக்காமார்களுக்கும் வணக்கம்.

'படைவீரரின் குடும்பத்துக்கு நல்லது எது: அவரோடு ஊர் ஊராகப் போவதா, சொந்த ஊரிலேயே தங்குவதா?' இதுதான் தலைப்பு. நான் 'போவதே' என்ற அணி.

எதிரணித் தலைவி அக்கா பேசும்போது என் மாமியார் எதிரே வந்து நின்றது போலவே இருந்தது. பிள்ளைகள் படிப்பு கெட்டுவிடும், பெரியவர்களை யார் பார்ப்பது, செடியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டால் வேர் பிடிக்குமா... வரிசைகூட மாறவில்லை. 'மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவா?' என்பதை மட்டும் அக்கா விட்டுவிட்டார்.

வேர் வசனத்துக்குக் கைதட்டல் பலமாக விழுந்ததால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அக்கா, உங்கள் ஊரில் நெல் எப்படி நடுகிறார்கள்? நாற்றங்காலில் இருந்து பறித்து வேறு வயலில்தானே நடுகிறார்கள்? பறிக்காமல் விட்ட நாற்று நெருக்கிக்கொண்டு அங்கேயே வீணாகும். சரி, உவமைச் சண்டை போதும். கணக்குக்கு வருவோம்.

இந்த வேலூர் மாவட்டத்தில் இது பொழுதுபோக்குத் தலைப்பு இல்லை. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்கிறோம். பெண் பார்க்க வந்தாலே 'கூட்டிக்கிட்டுப் போவீங்களா, இங்கேயே விட்டுட்டுப் போவீங்களா?' என்று பெண்ணின் அம்மா கேட்கிற ஊர்கள் இங்கே இருக்கின்றன. என் அம்மாவும் கேட்டார். என் கணவர் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பாலமும் பாதையும் போடுகிற ராணுவப் பொறியாளர் படை. பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் அவர்கள் மையம். அந்தப் படையினரை ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். அந்தத் தம்பி அன்றைக்குச் சொன்ன பதில்: 'எங்கே விடுறாங்களோ அங்கே எல்லாம் கூட்டிக்கிட்டுப் போவேன்.'

எங்கே விடுகிறார்களோ. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. ஒரு யூனிட் ஃபீல்டு, பீஸ் என்று மாறி மாறிப் போகும். ஃபீல்டு என்றால் எல்லைப்பகுதி, பனிமலை, கலவரப் பகுதி. அங்கே குடும்பத்துக்கு இடமே இல்லை. நாம் கெஞ்சினாலும் விடமாட்டார்கள். பீஸ் என்றால் அம்பாலா, ஜோத்பூர், செகந்திராபாத் மாதிரி கன்டோன்மென்ட் ஊர்கள். இரண்டு மூன்று வருடம் இருக்கலாம், குவார்ட்டர்ஸ் கிடைக்கும். ஆக, 'போவதா தங்குவதா' என்ற கேள்வியே அந்தப் பீஸ் வருடங்களுக்கு மட்டும்தான். ஃபீல்டு வருடங்களை ராணுவம் எடுத்துக்கொள்கிறது. மீதியையும் நாமே 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது எதிரணி.

'அதுதான் லீவில் வருகிறாரே' என்றார்கள். ஒரு ஜவானுக்கு வருடாந்திர விடுப்பு 60 நாள், சாதாரண விடுப்பு 30 நாள். ஆக மொத்தம் 90. அதுவும் கேட்ட நாளில் கிடைக்காது. தீபாவளிக்கு எல்லோரும் கேட்டால் எல்லையில் யார் நிற்பது? வந்தாலும் பட்டா மாற்றம், தங்கச்சி கல்யாணம், போர்வெல் போடுவது, பங்காளித் தகராறு. இத்தனைக்கும் நடுவில் பிள்ளையோடு உட்கார அவருக்கு எந்த நாள் மிச்சம்?

என் ஓரகத்தி குடும்பம் ஊரிலேயே தங்கியது. அவள் கணவரும் பட்டாளம்தான். லீவில் வந்தவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், பையன் அவரைத் தாண்டி அடுப்படிக்குப் போய், 'அம்மா, டூருக்குப் பேர் கொடுக்கட்டுமா?' என்கிறான். 'அப்பாகிட்ட கேளுடா' என்றாள். 'அப்பாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?' என்றான். அவன் கெட்ட பையன் இல்லை. அவன் அனுபவத்தில் அது சரியான தகவல். ரேங்க் கார்டில் ஒரு தடவைகூட அவர் கையெழுத்து விழுந்ததில்லை.

'ரிட்டயர் ஆகி வந்து சேர்ந்து இருக்கலாமே' என்றும் ஒரு வாதம் வந்தது. படையில் 15 வருடம் முடித்தாலே ஓய்வூதியம் உண்டு. ஆகவே சிப்பாயாகச் சேர்ந்தவர் பலர் நாற்பதை ஒட்டிய வயதில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், உண்மை. ஆனால் அவர் வரும்போது பிள்ளை பத்தாவதோ பிளஸ் டூவோ. அந்த வயதில் சொந்தமாக வளர்த்த அப்பனையே பிள்ளைகள் அறைக்குள் விடுவதில்லை.

சேர்ந்து இருப்பது என்றால் என்ன என்று ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு 'மார்ச்சிங் அவுட்' என்று பெயர். மனிதர்கள்தான் மார்ச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன், வீடும் செய்யும். ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கிற எம்.இ.எஸ். துறையின் ஆள் பட்டியலோடு வருவார். பல்பு, ஃபேன், ரெகுலேட்டர், குழாய், ஜன்னல் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக எண்ணுவார். உடைந்திருந்தால் பணம் பிடிப்பார்கள். அவர் வருவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் திருவிழா. காலண்டர் மாட்டிய ஆணி, துணிக்கொடி கட்டிய ஆணி எல்லாம் பிடுங்கியாயிற்று, சுவர் முழுக்க ஓட்டை. என் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று பற்பசையைப் பிதுக்கி ஓட்டையில் அடைப்பாள். அவள் அப்பா பின்னாலேயே பழைய போஸ்ட் கார்டால் வழித்துச் சமன் செய்துகொண்டே போவார். 'தம்பி, வேலை சுத்தமா இருக்கணும்' என்று அவள் அவரை அதட்டுவாள். பாலம் கட்டுகிற ரெஜிமெண்ட் ஆளுக்குப் பற்பசை வேலையில் மேஸ்திரி அவள். அந்த வீடு முழுக்கப் புதினா வாசனை அடிக்கும். மறுநாள் வந்த எம்.இ.எஸ். ஆள் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கும்.

அப்புறம் கருப்பு டிரங்குப் பெட்டி. மேலே வெள்ளைப் பெயிண்டில் பெயர், நம்பர், ரேங்க். பதவி உயர்வு வந்தால் பழைய ரேங்கை அழித்துப் புதிதாக எழுதுவதும் பிள்ளைகள் வேலைதான். அவர் நாயக்கில் இருந்து ஹவில்தார் ஆனதை ஊரில் இருந்திருந்தால் அவர்கள் போனில்தான் கேட்டிருப்பார்கள்.

படிப்புக்கு வருகிறேன். இது எதிரணியின் பெரிய பீரங்கி. ஊர் மாறுகிறவர்கள் பிள்ளைகள் படிப்பு அறுந்துபோகிறது என்று அரசாங்கத்துக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் 1963இல், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 20 ரெஜிமெண்ட் பள்ளிகளை எடுத்து மத்தியப் பள்ளிகளாக்கினார்கள். அவைதான் இன்றைய கேந்திரீய வித்யாலயா. ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அம்பாலாவில் மூன்றாம் பாடத்தில் நிறுத்தினால் ஜோத்பூரில் அதே புத்தகத்தில் நான்காம் பாடம். பத்தாவது, பன்னிரண்டாவது வருடத்தில் மாறுதல் வந்தால், படிப்பைக் காரணம் காட்டிக் குவார்ட்டர்ஸைக் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

அதற்காக நஷ்டமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஊர் ஊராகப் போன பிள்ளைக்கு அது கிடையாது. இதை எதிரணியில் யாருமே சொல்லவில்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

தமிழ் போய்விடும் என்றார்கள். வடக்கே பள்ளியில் தமிழ்ப் பாடம் இல்லை, சரி. நம் அரசுப் பாடநூலை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிளாக்கில் உள்ள நான்கு தமிழ் வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்து ஆத்திசூடியில் இருந்து ஆரம்பித்தேன். என் மகன் இன்னும் ழகரத்தில் வழுக்குவான். இங்கேயே பிறந்து இங்கேயே படித்த எதிரணித் தம்பி சற்றுமுன் 'தமிலர் பெருமை' பற்றிப் பேசினார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பி.எட். படித்தவள். ஒவ்வொரு ஊரிலும் தனியார் பள்ளியில் புது ஆளாகச் சேர்ந்து, புது ஆள் சம்பளம் வாங்கி, சீனியர் ஆவதற்குள் பெட்டி கட்டியிருக்கிறேன். அரசு வேலைக்கான தகுதித் தேர்வுக்குப் படிப்பதும் விடுவதுமாகப் போனது. என்னோடு படித்தவள் இன்று தலைமை ஆசிரியை. இந்தக் கணக்கில் எதிரணிக்கு முழு மதிப்பெண் போடுங்கள் ஐயா, நான் வாதாடமாட்டேன். ஆனால் இதற்கு மருந்து ஊரில் தங்குவது இல்லை. கணவர் வேலையால் ஊர் மாறும் பெண்ணின் பணி அனுபவத்தை அடுத்த ஊர்ப் பள்ளியும் கணக்கில் எடுக்க வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் அதைக் கேட்போம்.

பெரியவர்களை யார் பார்ப்பது? இந்தக் கேள்வி மகனிடம் ஏன் வருவதில்லை, மருமகளிடமே வந்து நிற்கிறது? படைவீரரைச் சார்ந்த பெற்றோருக்கு ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. எங்களோடு வரட்டும் என்றுதான் கூப்பிட்டோம். மாமனார் ஜோத்பூருக்கு வந்தார், காலையில் கன்டோன்மென்ட் ரோட்டில் நடந்தார், ஓய்வு பெற்ற ராஜஸ்தானிக்காரர் ஒருவரோடு மொழியே இல்லாமல் பேசி நண்பரானார். மாமியார் வரவில்லை. மாடு இருக்கிறதே!

'ஊரில்லாதவர்கள் ஆகிவிடுவீர்கள்' என்பது கடைசிக் குற்றச்சாட்டு. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைப் பாருங்கள். படைவீரர் எங்கே பணியாற்றினாலும் அவர் ஓட்டு சொந்தத் தொகுதியில். அவரோடு சேர்ந்து வசிக்கிற மனைவிக்கும் அதே உரிமை. கவனியுங்கள், சேர்ந்து வசிக்கிற மனைவிக்கு. ஜோத்பூரில் இருந்தாலும் என் தொகுதி நம்ம தொகுதிதான். பெண் அதிகாரிகளின் கணவன்மாருக்கு இந்த உரிமை வருவதற்கு 2021 திருத்தம் வரை ஆயிற்று என்பது வேறு கதை.

நான் பின்னாகுரியில் இருந்தபோது, வட வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, யானை வருகிற ஊர் அது, வேலையாக வெளியே போயிருந்த இவர் பல நாள் போனில் கிடைக்காமல் போனார். ஊரில் இருந்திருந்தால் ஆளாளுக்கு வந்து 'டி.வி.யில என்னென்னமோ சொல்றாங்களே' என்று பயத்தைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே எதிர்வீட்டு உத்தரகாண்ட் மலைப்பக்கத்துக் கார்வாலிப் பெண் எதுவும் கேட்கவில்லை. அவள் கணவரும் அதே இடத்தில்தான். சாயங்காலமானால் ரொட்டி மாவைத் தூக்கிக்கொண்டு என் அடுப்படிக்கு வந்துவிடுவாள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே சமையல். என் அரைகுறை இந்தியும் அவளுடைய இட்லி ஆசையுமாக அந்த நாட்கள் ஓடின. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அவள் வீட்டு போன் முதலில் அடித்தது. பேசி முடிக்கும் முன்பே என் கதவைத் தட்டினாள்.

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் அண்ணன் சுபேதாராக ஓய்வு பெற்றவர். குடும்பத்தை ஊரிலேயே வைத்து இரண்டு பிள்ளைகளையும் பொறியாளர் ஆக்கினார் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். மரியாதையோடுதான் கேட்கிறேன் அண்ணே. நீங்கள் ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்த முதல் வருடம், அந்தப் பிள்ளைகள் ஏதாவது வேண்டும் என்றால் உங்களிடம் வந்தார்களா, உங்களைத் தாண்டி அடுப்படிக்குப் போனார்களா? இதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்ற வாதங்களுக்குப் போங்கள். அண்ணி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.