மாப்பிள்ளை வருமுன்பே பந்தி முடிந்தது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஈரான் புரட்சி வென்றது மதத் தலைவர் கொமெய்னி நாடு திரும்பியதாலா, தெருவில் இறங்கிய மக்களாலா? மக்களால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணிப் பேராசிரியர் போகிற போக்கில் "மாப்பிள்ளை வராமல் கல்யாணம் உண்டா?" என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கிவிட்டார். சரி ஐயா, அந்த மாப்பிள்ளை வந்த கதையையே பேசுவோம்.

1979 பிப்ரவரி 1. பாரிஸிலிருந்து ஏர் பிரான்ஸ் விமானம். 1964-ல் நாடு கடத்தப்பட்டவர், துருக்கி, ஈராக், பிரான்ஸ் என்று பதினான்கு வருஷம் சுற்றிவிட்டு வருகிறார். விமானம் நிறையப் பத்திரிகைக்காரர்கள். அதில் ஒருவர் கேட்கிறார்: "ஊர் திரும்புகிறீர்களே, மனசுக்கு எப்படி இருக்கிறது?" பெரியவர் சொன்னது ஒரே சொல். "ஹிச்சி."

ஹிச்சி என்றால் பாரசீகத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லையாம்! நாமெல்லாம் நாலு நாள் சித்தி வீட்டில் இருந்துவிட்டு வந்தாலே தெருமுனை தெரிந்ததும் மனசு துள்ளும். இவருக்குப் பதினான்கு வருஷம்... ஹிச்சி. பக்கத்தில் மொழிபெயர்த்த சாதிக் கோத்ப்சாதேக்கே நம்பிக்கை வரவில்லை, "ஹிச்சி?" என்று திருப்பிக் கேட்கிறார். மறுபடியும் அதே பதில்தான். (அந்த கோத்ப்சாதே பிறகு வெளியுறவு அமைச்சரானார், 1982-ல் அதே ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. அதை எதிரணி சொல்லமாட்டார்கள்.)

அப்புறம், ஈரான் மன்னர் ஷா எப்போது நாட்டைவிட்டுக் கிளம்பினார்? ஜனவரி 16. மாப்பிள்ளை வருவதற்குப் பதினாறு நாள் முன்பே பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது ஐயா! எண்ணெய்த் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து அரசாங்கத்தின் கஜானாவையே அடைத்தார்கள். கொமெய்னி வராமல் தடுக்கப் பிரதமர் பக்தியார் விமான நிலையத்தை மூடியபோது துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்று திறக்க வைத்தவர்களும் மக்கள்தான். வெளிநாட்டிலிருந்து காசெட்டில் பேசி அனுப்பியது கொமெய்னி, ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி ராத்திரியாகப் பிரதி எடுத்துக் கைமாற்றியது யார்?

இறங்கியதும் அவர் போன இடம் அரண்மனை இல்லை, பெஹெஷ்தே ஸஹ்ரா இடுகாடு. கூட்டத்தில் கார் நகரவில்லை, ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். போராட்டத்தில் செத்த பிள்ளைகள் அங்கேதான் கிடக்கிறார்கள். பெற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினார். அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒரு அம்மா, மகனைப் புதைத்த மண்ணுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டிருப்பாள். அவளிடம் யாராவது மைக்கை நீட்டி, "மனசுக்கு எப்படி இருக்கிறதம்மா?" என்று கேட்டிருந்தால், ஹிச்சி என்றா சொல்லியிருப்பாள், நடுவர் அவர்களே?

மணி அடிக்கிறது, உட்காருகிறேன்.